நாற்பது செடியும் ஒரு குடமும்

எங்கள் தெருக்கோடியில் பழைய கிடங்கு ஒன்றின் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலம். நீளம் நூறடி, அகலம் எட்டடி. அதில் என்ன விளைந்தது என்கிறீர்களா? கட்டட இடிபாடு, கல்யாண வீட்டு எச்சில் இலை, குவார்ட்டர் பாட்டில், ஓர் உடைந்த சிங்க். ஓரமாக ஒரு வேப்ப மரம். அதன் நிழலில் இஸ்திரி வண்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டாவது டோஸ் காபி தந்த தெம்பில், “இங்கே ஒரு தோட்டம் போட்டால் என்ன?” என்று வாய்விட்டுவிட்டேன். சனி வாயில்தான் குடியிருக்கும் என்று பாட்டி சொல்வாள். சாயங்காலத்துக்குள் வாட்ஸப் குரூப் ரெடி. அங்கத்தினர்கள் அறுபத்து நாலு பேர்!

ஆபீசில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைத் தொட்டாலும் முதலில் ஒரு அறிக்கை தயாரிக்க வேண்டும். நானும் தயாரித்தேன். 1973-ல் நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர், பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சேரும் முனையில் குப்பை மண்டிக் கிடந்த ஒரு மனையை நண்பர்களோடு சுத்தம் செய்து தோட்டமாக்கினார். மறு வருஷமே நகர நிர்வாகம் அதை மாசம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. (ஒரே ஒரு டாலர் சார்!) இன்றைக்கும் அந்தத் தோட்டம் அவர் பெயரில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ரான் ஃபின்லி 2010-ல் வீட்டு வாசல் ரோட்டோரத்தில் காய்கறி போட்டார். நோட்டீஸ் வந்தது. ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். பிற்பாடு விதியையே மாற்றினார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, ‘செய்ய வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் போட்டேன். முதல் ஐட்டம்: ‘ஆக்கிரமிப்பை அகற்றுதல்.’

ஆக்கிரமிப்பு என்றால் வேறென்ன, இஸ்திரி வண்டிதான். நானே போய்ச் சொன்னேன். “அண்ணே, தோட்டம் போடறோம். வண்டிய கொஞ்சம் அந்தப் பக்கம்...”

“சரி சார்” என்றார். ஒரு வார்த்தை மேலே பேசவில்லை. எதிர்ப்புறம் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அங்கே நிழல் கிடையாது. கரி நெருப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலும் நெருப்பு. அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நடுவிழா ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் தினமாயிற்றே! 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு தொடங்கிய தேதி அது. ஸ்டாக்ஹோமுக்கு ஜூன் இளங்கோடை. சென்னைக்கு அக்னி நட்சத்திரத்தின் மிச்ச பாக்கி. நமக்கு மழை அக்டோபரில்தான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. முப்பது பேர் வந்தார்கள். புங்கன், பூவரசு, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று நாற்பது செடி. ஒவ்வொரு செடிக்கும் நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டோ.

அப்புறம்தான் கணக்கு வந்தது. செடிக்கு அரை வாளி என்றாலும் நாற்பது செடிக்கு இருபது வாளி. யார் தூக்குவது? முறை போட்டோம். முதல் வாரம் எட்டுப் பேர். ரெண்டாவது வாரம் மூணு பேர். மூணாவது வாரம் குரூப்பில் ‘இன்னிக்கு யார் தண்ணி?’ என்று கேட்டால் அறுபது கட்டைவிரல் பதிலாக வந்தது. வாளி வரவில்லை. நாலாவது வாரம் எனக்கே ஆபீசில் ஆடிட்!

வண்டி போனதில் இன்னொன்றும் நடந்தது. பகல் முழுக்க அங்கே ஒரு ஆள் நின்றவரைக்கும் வேப்ப மரத்தடியில் யாரும் குப்பை போட்டதில்லை. ஆள் போனதும் அங்கேயும் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது. ஆடுகளும் வந்தன. நந்தியாவட்டையில் பால் வரும் என்று ஆடு தொடவில்லை. செம்பருத்தியை விடவில்லை.

ஆகஸ்டில் போய் எண்ணினேன். நாற்பதில் ஆறு பாக்கி. ஆறும் ஒரே இடத்தில், வரிசையாக, இஸ்திரி வண்டிக்கு நேர் எதிரே!

“அண்ணே, நீங்களா?”

சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “துணிக்குத் தெளிக்கக் குடத்துல தண்ணி வச்சிருக்கேன். பொழுதுபோனா மிஞ்சிடுது. மிஞ்சற தண்ணிய எங்க ஊத்தறது சார்?”

எனக்குப் பேச்சு எழவில்லை. அந்தப் பட்டியலின் முதல் ஐட்டம் நான் டைப் அடித்தது.

அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தோம். முதலில், வண்டி வேப்ப மரத்தடிக்குத் திரும்பியது. நானும்தான் தள்ளினேன். ரெண்டாவது, நிலம் யாருடையது என்று விசாரித்து எழுத்தில் அனுமதி வாங்கினோம். மூணாவது, நாற்பது இல்லை, பன்னிரண்டே செடி. பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தோம். பானை கசியக் கசிய வேர் குடித்துக்கொள்ளும். அடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் ஓடாது. நாலாவது, ரோட்டோர மண்ணில் கீரை போடவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல்தான் நின்றது. மண்ணில் இறங்கிய ஈயம் லேசில் போகாது. கீரைக்குத் தனியாகப் பைகள், வேறு மண்.

பன்னிரண்டில் பதினொன்று தளிர்விட்டு நிற்கிறது. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு துண்டு நிலம் இருக்கும். கடப்பாறையைத் தூக்குமுன் ஒரு வாரம் சும்மா நின்று பாருங்கள். சும்மா கிடக்கிற நிலத்திலும் யாராவது ஒருத்தர் பிழைத்துக்கொண்டிருப்பார். அவரை அகற்றிவிட்டுப் போடுகிற தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் கிடைக்காது.

நன்றிக்கடனாக, “உங்களையும் குரூப்ல சேர்த்துடறேண்ணே” என்றேன்.

இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“அதுல தண்ணி வருமா சார்?”