விலகுவது வாயுவா, விதியா?

மெய் வாயுக்கள் இலட்சிய நடத்தையினின்றும் விலகுகின்றன என்பது இரசாயனவியல் மாணவர் மனனஞ்செய்யும் வாக்கியம். ஒழுங்கு விதியின் பக்கமும் பிழை வாயுவின் பக்கமும் இருப்பதான மயக்கத்தை அது விளைவிக்கின்றது. 'இலட்சியம்' என்னும் சொல்லுக்குத் தமிழிலுள்ள உயர்வு அம்மயக்கத்தை மேலும் வளர்க்கின்றது. உண்மை இதற்கு நேர்மாறானது. மூலக்கூறுகளுக்குப் பருமனில்லை, அவற்றிடையே கவர்ச்சியில்லை என்னும் கற்பனைமீது எழுந்ததே அவ்விதி. விலகுவது விதியேயன்றி வாயுவன்று.

இதற்குச் சான்று தேடி ஆய்வுகூடம் செல்ல வேண்டியதில்லை. மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் சமையலறையே போதும். 30 லீற்றர் கனவளவுள்ள சிலிண்டரில் 12.5 கிலோகிராம் பியூற்றேன் இருப்பதாகக் கொள்வோம். 30 பாகை செல்சியசில் இலட்சிய வாயுச் சமன்பாடு தரும் அமுக்கம் ஏறத்தாழ 178 வளிமண்டலம். உள்ளே நிலவுவதோ 3 வளிமண்டலத்துக்கும் குறைவு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்வதால் பியூற்றேனின் பெரும்பகுதி திரவமாகிவிடுகின்றது. இலட்சிய வாயுவோ எந்த அமுக்கத்திலும் திரவமாகாது. 'விலகல்' என்று பழிக்கப்படும் அப்பண்பினாலேயே கொழும்பில் அடுப்பெரிகின்றது.

அதே வெப்பநிலையில் புரொப்பேனின் ஆவியமுக்கம் 10 வளிமண்டலத்துக்கும் அதிகம். ஆகவே, திரவம் எஞ்சியிருக்கும்வரை சிலிண்டரின் அமுக்கத்தைத் தீர்மானிப்பன கலவையும் வெப்பநிலையுமே, எஞ்சிய நிறையன்று. 2021 இன் இறுதியில் இலங்கையின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது, அவற்றை ஆராய நியமிக்கப்பட்ட குழு கலவை மாற்றத்தையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. இலட்சிய வாயு விதிக்குப் புரொப்பேனும் ஒன்றே, பியூற்றேனும் ஒன்றே. அதனை மட்டும் கற்றவர் அக்குழுவின் முடிவை எங்ஙனம் விளங்கிக்கொள்வார்?

எளிமை கருதியே இவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பர் சிலர். தாழ்ந்த அமுக்கத்திலும் உயர்ந்த வெப்பநிலையிலும் அவ்விதி பயனுடையது என்பதை எவரும் மறுக்கார். ஆயின் எல்லை உணர்த்தாத எளிமை அறியாமைக்கே வழிகோலும். காபனீரொட்சைட்டை ஏறத்தாழ 31 பாகைக்கு மேல் எவ்வமுக்கத்தாலும் திரவமாக்கவியலாதென 1869 இல் அன்றூசு காட்டினார். கொழும்பின் நண்பகல் சர்வசாதாரணமாக எட்டும் வெப்பநிலை அது. 1873 இல் வந்தர்வால் மூலக்கூற்றின் பருமனுக்கும் கவர்ச்சிக்கும் சமன்பாட்டில் இடமளித்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவர்தம் சிந்தனை பரீட்சைக்குரிய இரு மாறிலிகளாகச் சுருங்கிக் கிடக்கின்றது.

வகுப்பறையில் மெய் வாயுவே முதலிடம் பெறல் வேண்டும். இலட்சிய வாயு அதன் எல்லை நிலையாகப் பின்னர் வரட்டும்.