தூரம் அதேதான்... பயண நேரம் மட்டும் கூடியது ஏன்?

ஒரு உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் நூலின் ஒரு முனையையும், ஜப்பானின் டோக்கியோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூலின் பெரும்பகுதி ரஷ்யாவின் மீதுதான் கிடக்கும். அதுதான் இரு நகரங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழி. தூரம் சுமார் 7,800 கி.மீ.

விமானத்தில் இது ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குக் குறுக்குவழி என்று சொல்லித்தான், சிறிய நாடான ஃபின்லாந்தின் 'ஃபின்ஏர்' நிறுவனம் தன் வியாபாரத்தையே வளர்த்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. ஒரே வாரத்துக்குள் அந்தக் குறுக்குவழி இல்லாமல் போனது.

இப்போது இரண்டு சுற்றுவழிகள்தான் உண்டு. ஒன்று, தெற்கே துருக்கிப் பக்கம் இறங்கி, மத்திய ஆசியா, சீனா வழியாகச் செல்வது. மற்றொன்று, வடக்கே ஏறி, வட துருவத்தைக் கடந்து, அலாஸ்கா பக்கமாக ஜப்பானுக்குள் இறங்குவது. அன்றன்றைய காற்றின் போக்கைப் பார்த்து வழியை முடிவு செய்கிறார்கள். எந்த வழியில் போனாலும் சுமார் 13 மணி நேரம் ஆகிறது.

துருவ வழி அவ்வளவு எளிதல்ல. வழியில் அவசரமாக இறங்க விமான நிலையங்கள் மிகக் குறைவு. விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும் என்பதால், அதன் வெப்பநிலையை விமானிகள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டிச் செல்லும் பயணிகளுக்கு, 'வட துருவத்தைக் கடந்தவர்' என்று சான்றிதழும் தருகிறது ஃபின்ஏர்!

இந்த வழி புதிதும் அல்ல. 1983-ல், பனிப்போர் காலத்தில், சோவியத் வான்வெளியைத் தவிர்ப்பதற்காக இதே நிறுவனம் வட துருவம் வழியாகத்தான் டோக்கியோவுக்கு இடைநில்லா விமானத்தை இயக்கியது. அப்போதும் பயணம் சுமார் 13 மணி நேரம்தான். விமானங்கள் எவ்வளவோ நவீனமாகிவிட்டன. ஆனால், கடிகாரம் 1983-க்கே திரும்பிவிட்டது.

கூடுதல் நேரம் என்றால் கூடுதல் எரிபொருள், கூடுதல் ஊழியர்கள், கூடுதல் செலவு. கைக்குழந்தையோடு செல்பவர்களுக்கும், மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கும் முதியவர்களுக்கும் அந்தக் கூடுதல் மணி நேரங்கள் சாதாரணமல்ல.

எனவே, வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டமிடும்போது இரு நகரங்களுக்கு இடையிலான கிலோமீட்டரை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். பழைய பயண அனுபவத்தையும் நம்ப வேண்டாம். டிக்கெட் எடுக்கும் நாளில் காட்டும் பயண நேரத்தைப் பாருங்கள். தூரத்தைப் பூமி தீர்மானிக்கிறது. நேரத்தையோ, நடுவில் இருக்கும் நாடுகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.