வெள்ளைச் சேலையும் மங்களக் குரலும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறுகின்ற காவடிக் கூட்டத்தில் கே. பி. சுந்தராம்பாளின் முருகன் பாட்டைக் கேட்டு உருகாதவர் அரிது. “அந்தக் குரல் முருகன் கொடுத்த வரம், அந்த அம்மாளோ கற்புக்கரசி” என்று இரண்டு புகழ்மாலைகள் சூட்டுவார்கள். இவ்விரண்டையும் நாம் சற்று ஆராய வேண்டியிருக்கின்றது.

முதலாவது, வரம் என்பது. 1908-ல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தொண்டை கொடுத்துப் பாடி, இலங்கை வரை சென்று பேரெடுத்தவர் அவ்வம்மையார். 1935-ல் வெளிவந்த “நந்தனார்” படத்தில் ஆண் வேடம் பூண்டு நடிக்க ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். 1953-ல் “ஔவையார்” ஆனார். மேல்சபை அங்கத்தினராகவும் இருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். இவ்வளவும் வரமென்றால், உழைப்பு என்பதற்கு என்ன பொருள் என்று கேட்கின்றோம்.

இரண்டாவது, கற்பு என்பது. கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் இறந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று பூண்ட வெண்ணிற உடையை 1980-ல் இறக்கும் வரையில் மாற்றவில்லை. அது அவர் சொந்த விருப்பம்; அதில் நமக்குக் குறை கூற உரிமையில்லை. ஆனால், கிட்டப்பா முன்னமே மணமானவராயிருந்தும் அவர் கற்பைப் பற்றி எவராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? ஆணுக்குப் பாட்டு மட்டும் போதும், பெண்ணுக்கு மாத்திரம் வெள்ளைச் சேலையும் வேண்டுமென்பது என்ன நியாயம்?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. கலியாண வீட்டில் விடியற்காலையில் அவ்வம்மையாரின் பாட்டை ஒலிபெருக்கியில் வைத்தால் அது மங்களமாம். ஆனால், அதே வீட்டில் மகளைப் பெற்று, வளர்த்து, கடன் வாங்கி மணம் முடிக்கும் விதவைத் தாய் பந்தலில் முன்னே வந்து நின்றால் அது அபசகுனமாம்! குரலுக்கு இல்லாத தீட்டு ஆளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-ல். சட்டம் வந்தும் சகுனம் போகவில்லை. அதைப் போக்க வேண்டியது நாம்தான்.

ஆகையால் தோழர்களே, சுந்தராம்பாளைப் போற்றுங்கள். அவர் திறமைக்காகவும் உழைப்புக்காகவும் போற்றுங்கள். அடுத்த முகூர்த்தத்தில், பின்கட்டில் ஒதுங்கி நிற்கும் அந்தத் தாயைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, தாலியை அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் செய்யுங்கள். அந்தப் பாட்டைக் கேட்டு உருகியதற்கு அதுதான் அழகு.