பிளக் இல்லாத பேண்ட்!

ஹாஸ்டல் ரூம்ல லைட்டை அணைச்சுட்டு, ஹெட்போன்ல 'ஆம்பியன்ட் மியூசிக்' கேட்கிற ஆளா பாஸ் நீங்க? 1978-ல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பம் போட்டு அந்தப் பேரைப் பரப்பியவர் பிரையன் ஈனோ. ஏர்போர்ட்டில் காத்திருக்கிறவங்களுக்கான இசை. உட்கார்ந்து ரசிக்கலாம், காதில் விழவிட்டு நம்ம வேலையையும் பார்க்கலாம்.

அட, இதைத்தானே நம்ம நாகஸ்வரக்காரங்க தலைமுறை தலைமுறையா செய்றாங்க! சாமி புறப்பாட்டுக்கோ கல்யாணத்துக்கோ யாரும் டிக்கெட் வாங்கிக் கேட்கிறதில்லை. ஆனா, மேளம் இல்லைன்னா அந்த இடமே வெறிச்சுனு ஆகிடும். காலையில் பூபாளம், ராத்திரி நீலாம்பரி. ஆலாபனைக்கு எழுதிவெச்ச நோட்ஸ் கிடையாது. அந்த நிமிஷம் மனசுல ஊறுவதுதான். டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பேர் வாங்கினது அப்படித்தான். பக்கத்தில், விரல் வைக்கத் துளையே இல்லாத 'ஒத்து' ஒரே ஸ்வரத்தை அறுபடாம பிடிச்சுக்கிட்டு நிற்கும். இப்போ பெரும்பாலும் அந்த இடத்தில் சுருதிப் பெட்டி!

கடமலைக்குண்டு பக்கம் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்ப் பாருங்க. மேளக்காரர் கல்யாணியை விரிக்க ஆரம்பிச்சா, வாசல்ல பாக்ஸ் செட் குத்துப்பாட்டை அலறவிடும். பிளக் இல்லாதவர் சத்தத்தில் ஜெயிக்க முடியுமா? பாவம், சட்டுனு முடிச்சுக்குவார்.

அடுத்த கல்யாணத்தில் நீங்கதானே மாப்பிள்ளைத் தோழன்? தாலி கட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பாக்ஸை நிறுத்தச் சொல்லுங்க மச்சி. அவர் ஒரு ராகத்தையாவது முழுசா வாசிக்கட்டும்!