புகை நமக்கு நிழல்வலை இல்லை

போன மாசியில் பக்கத்து வயல்காரத் தம்பி கரும்பு வெட்டி முடித்த கையோடு சோகைக்குத் தீ வைத்தார். "ஏன் தம்பி?" என்றேன். "புகை வெயிலை மறைச்சு பூமியைக் குளிர வைக்குதாம் சார், செல்லுல பார்த்தேன். நான் நல்லதுதானே பண்றேன்?" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தகத் துகள்கள் வெயிலில் ஒரு பங்கை வானத்துக்கே திருப்பி விடுகின்றன. 1991-ல் பிலிப்பைன்சில் பினட்டுபோ எரிமலை வெடித்து மேல்வானம் வரை கந்தகத்தைக் கக்கியது. பூமியின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது. இரண்டு, மூன்று வருடத்தில் துகள்கள் விழுந்தன, சூடு திரும்பிவிட்டது.

நான் வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கடன் பார்த்தவன். பழைய கடனை மூட புதுக்கடன் போடுவோம். கணக்கு சுத்தமாகத் தெரியும், கடன் குறைந்திருக்காது. புகை செய்வதும் அதுதான். கீழ்வானத்துத் துகள்கள் சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். 2020-ல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பை 3.5 சதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். "காற்றைச் சுத்தம் பண்ணினா சூடு ஏறுது பாருங்க" என்கிறார்கள் சிலர். ஏறுவது புதுச்சூடு இல்லைங்க, மறைத்து வைத்த பாக்கி.

மேல்வானத்தில் நாமே கந்தகம் தூவலாம் என்கிற யோசனையும் இதே புதுக்கடன்தான். நிறுத்திய அன்று மொத்த பாக்கியும் வாசலில் நிற்கும்.

இதற்கு வட்டி கட்டுவது விவசாயி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த விஞ்ஞானி வீ. இராமநாதனும் குழுவினரும் 1999-ல் வட இந்தியப் பெருங்கடல் மேல் பழுப்புப் புகைமூட்டம் பரவிக் கிடப்பதை அளந்தார்கள். கடலுக்கு வெயில் குறைந்தால் நீர் ஆவியாவதும் குறையும், பருவமழையும் தளரும் என்றார்கள். புகையும் வெப்பவாயுக்களும் சேர்ந்து நம் நாட்டு நெல் விளைச்சலைக் குறைத்திருப்பதாக 2006-ல் அவர் பங்கேற்ற ஆய்வு சொன்னது. பால் பிடிக்கிற நேரத்தில் மூட்டம் போட்டால் பதர் கூடும் என்பது நமக்கே தெரியும்.

சோகைப் புகையில் வேறொரு கோளாறு. அதிலுள்ள கருங்கரி வெயிலை உறிஞ்சிக் காற்றையே சூடாக்கும். மண்ணுக்குச் சேர வேண்டிய கரிமமும் போச்சு.

முதல் வருஷம் நானும் கொளுத்தினவன்தான். ஆள் கூலி பயம். இப்போது பார் இடைவெளியில் சோகையை மூடாக்காகப் போடுகிறேன். ஈரம் நிற்கிறது, களை குறைந்திருக்கிறது. சோகை பொடியாக்கும் இயந்திரத்தைச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். "அடுத்த வெட்டுக்குப் பார்ப்போம் சார்" என்றார்.

புகையையும் குறைக்க வேண்டும், கரியமில வாயுவையும் குறைக்க வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட முடியாது.