குளத்தை மூடியவர் யார்?

மாரி முடிந்த கையோடு வல்லைப் பாலத்தைக் கடந்து உடுப்பிட்டிக்கு வருவோர், களப்பிலே கொக்கும் நாரையும் நீர்க்காகமும் நிற்பதைக் காணாமல் வர இயலாது. கண்டும் நாம் அவைபற்றிப் பேசுவதில்லை. மொழிபற்றிப் பேசுகிறோம், நிலம்பற்றிப் பேசுகிறோம். அந்நிலத்தின் கீழுள்ள நீரையும், அந்நீரை நம்பிய உயிர்களையும்பற்றிப் பேசுவது அரசியலாகாது என்று எண்ணுகிறோம் போலும். அதுவும் அரசியலே என்பது நமது கருத்து.

உலக இயற்கை நிதியம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 1970க்கும் 2020க்கும் இடையே கணக்கெடுக்கப்பட்ட காட்டுயிர்த் தொகைகள் சராசரியாக 73 வீதம் குறைந்தன என்று கூறுகிறது. நன்னீர் உயிர்களில் அக்குறைவு 85 வீதம். காட்டிலும் கடலிலும் நேர்ந்ததைவிடக் குளத்திலும் ஆற்றிலும் நேர்ந்த அழிவே பெரிது. நிலம், உள்நாட்டு நீர்நிலை, கடல் ஆகியவற்றில் 30 வீதத்தை 2030க்குள் காப்பது என 2022 டிசம்பரில் மொன்றியலில் நாடுகள் உடன்பட்டன. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களென றாம்சார் உடன்படிக்கையின் கீழ் இலங்கையில் ஆறு இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. மன்னாரின் வங்காலை அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றுதானும் இல்லை.

நமக்கு ஆறு இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான சில வாரங்களில் பெய்து தீர்கிறது. அந்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்கி, உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நாம் குடிப்பதும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அந்த வில்லையிலிருந்துதான். ஓடும் மழையைப் பிடித்து வைத்து நிலத்துக்குள் இறக்குபவை குடாநாட்டின் ஏறத்தாழ ஆயிரம் குளங்களும் கேணிகளும் துரவுகளுமே. நம் முன்னோர் குளத்தருகே ஆவுரஞ்சிக் கல் நட்டது, மாடும் அக்குளத்தின் பங்காளி என்பதனாலன்றோ? விராலும் ஆமையும் தவளையும் கேளாமலே பங்கு பெற்றன.

அந்தக் குளங்களை மூடியவர் யார்? கொழும்பு என்று சொல்லிவிட்டால் கைதட்டு நிச்சயம். ஆயினும் அது பாதி உண்மையே.

அந்தப் பாதியை முதலிற் சொல்வோம். சுண்டிக்குளம் 1938இல் பறவைச் சரணாலயமாகவும், 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. சரணாலயத்தினுள் தனியார் காணியும் அடங்கலாம். தேசியப் பூங்கா அரச காணியில் மாத்திரமே அமையலாம் என்பது சட்டம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் முப்பதாண்டுப் போரில் உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் இழந்து இடம்பெயர்ந்தவனின் வயல், திரும்பி வரும்போது பற்றை மண்டிக் கிடக்கிறது. உறுதி இல்லையேல் அது அரச காணி. பற்றை மண்டினால் அது காடு! ஊராரைக் கேளாமல் வரைபடத்தில் இழுத்த கோடு பறவையையும் காப்பதில்லை. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட கமக்காரனும் மீனவனும் அப்பறவைக்குப் பகைவராக்கப்படுகின்றனர்.

மற்றப் பாதி நம்முடையது. வீட்டுக்கும் கடைக்கும் குளத்தை நிரப்பியவர் நம்மவர். வீதிக்கு மண் கொட்டி வாய்க்காலை அடைத்தவர் நம்மவர். (குளத்து எல்லை வழக்குகளில் நமது தொழிலுக்கும் வருவாய் உண்டென்பதை மறைப்பதற்கில்லை.) 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதியின்றி வயலை நிரப்பலாகாது. அச்சட்டத்தை நம்மூரில் எத்தனை பேர் எடுத்துப் பார்த்திருக்கிறோம்? 2024 நவம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது மழையைத் திட்டினோம். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடியே வந்தது.

உரத்தின் கதையும் அவ்வாறே. தேவைக்கு மேல் இட்ட யூரியா பயிரில் நிற்பதில்லை. நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பல அதனைத் தாண்டியவை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது நஞ்சு. குறைத்து இடு என்று கமக்காரனிடம் சொல்வது எளிது. விளைச்சல் குறைந்தால் கடனை யார் கட்டுவது என்று அவன் கேட்பான். அதற்கு விடையின்றி அவன் படலையைத் தட்டுவதிற் பயனில்லை.

சட்டத்தால் ஆவதொன்றுமில்லை என்போருக்குச் சுன்னாகத்தைக் காட்டுவோம். எண்ணெய் கலந்த கிணறுகள் தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியின்படி, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர். அவருக்கு நன்றி. நமக்கு நாணம்.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாயில் நீர் வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் குழாய் வந்தபின் கிணற்றை எவர் காப்பர்? தவளை குழாயில் முட்டையிடுவதில்லை. வெங்காயப் பாத்திக்கு அந்நீர் கட்டுபடியாவதுமில்லை. களப்புகளை நன்னீராக்க 1954இல் எந்திரி ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் இன்றும் முற்றுப்பெறவில்லை. அதனை முடிக்க வேண்டும் என்பதே நமது நிலை. எனினும், களப்பில் இறால் பிடிப்போரையும் வலசைப் பறவையையும் கணக்கில் எடுத்த பின்னரே தொண்டைமானாற்றுக் கதவுகளைத் திறப்பதும் அடைப்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும்.

அடுத்த ஐப்பசிக்கு முன் நமது பிரதேச சபை, தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு குளத்தையும் கேணியையும் துரவையும் அளந்து, பெயரும் பரப்பும் எல்லையும் எழுதிய இடாப்பொன்றைத் தமிழில் வெளியிட வேண்டும். நில அளவையாளரும் ஆசிரியரும் கமக்காரரும் அதற்கு உதவ முன்வர வேண்டும். மூடப்பட்டவற்றையும் அந்த இடாப்பில் எழுத வேண்டும். மூடியவர் நமது கட்சிக்காரராயினும் சரியே.