இரகசிய இலக்கம் அடகுப் பொருள் அல்ல



கொழுந்து நிறுக்கும்போது தராசில் ஒரு கிலோவைக் கழித்தால் அந்த இடத்திலேயே கேள்வி கேட்கிறோம். செக்ரோலில் அரைப்பேர் விழுந்தால் தலைவரைக் கூட்டிக்கொண்டு காரியாலயத்துக்குப் போகிறோம். ஆனால் அந்த உழைப்பின் காசு போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் திறப்பை மட்டும் மற்றவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். அந்தத் திறப்புத்தான் இரகசிய இலக்கமும் கடவுச்சொல்லும்.

முன்பு சம்பளத்தைக் கையில் எண்ணி வாங்கினோம். இன்று அஸ்வெசும காசு வங்கிக்கு வருகிறது. சில தோட்டங்களில் சம்பளமும் அப்படித்தான். நமது சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும் நிர்வாகம் கட்டும் 12 வீதமும் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியும் கடைசியில் வங்கிக் கணக்குக்கே வரும். ஒரு ஆயுள் உழைப்பு நான்கு இலக்கங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த நான்கு இலக்கங்கள் எங்கே இருக்கின்றன? பலருக்கு வங்கி அட்டையின் உறையிலேயே எழுதியிருக்கிறது. சிலருக்குக் கடைக்காரரின் கொப்பியில் இருக்கிறது. போன் வாங்கிய அன்று கடைப் பையன் போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை நாம் இன்றுவரை மாற்றவில்லை. நமக்கு அது மறந்திருந்தாலும் அவனுக்குத் தெரியும். இன்னும் மோசம், கடனுக்காக அட்டையையும் இலக்கத்தையும் சேர்த்தே வட்டிக்காரரிடம் கொடுப்பது. காசு வந்த அன்று அவர் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். மீதி எவ்வளவு என்பது அவர் சொல்லும் கணக்கு. கடனைக் காட்டி நமது முன்னோரைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதை அட்டை வடிவில் நாமே திரும்பக் கொண்டுவரலாமா?

இதில் தொழிலாளர்களை மட்டும் குறை சொல்ல மாட்டோம். வங்கிக்குப் போனால் ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசும் போகிறது. போனுக்கு வரும் செய்தி பல வேளைகளில் ஆங்கிலத்தில் இருக்கிறது. உதவி கேட்பது தவறில்லை. ஆனால் உதவி செய்பவர் படிவத்தை நிரப்பட்டும். இலக்கத்தை நாமே அழுத்துவோம்.

பிறந்த திகதியை இலக்கமாக வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே நமது பிறந்த நாள் இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 80545 என்று தொடங்கினால், 1980 பெப்ரவரி 14இல் பிறந்த பெண் என்று அர்த்தம். அடையாள அட்டையின் போட்டோ கொப்பியை நாம் கொடுக்காத இடமே இல்லை. அப்படியிருக்க பிறந்த திகதி எப்படி இரகசியமாகும்? 1234உம் போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களும் அப்படித்தான்.

நல்ல கடவுச்சொல் என்றால் குழப்பமான எழுத்துக்கள் என்று பயப்பட வேண்டாம். அது நீளமாக இருக்க வேண்டும், மற்றவரால் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். ஆடு, குடை, புகைவண்டி, பலாக்கொட்டை என்பது போல. இடையில் ஒரு எண்ணையும் போடுங்கள். நமக்கு மறக்காது, வேறு யாருக்கும் தோன்றாது. இதே நான்கு சொற்களை மட்டும் வைக்காதீர்கள். இந்தப் பத்திரிகையை எல்லோரும் வாசிக்கிறார்கள். பேஸ்புக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என வேறு வேறாக வையுங்கள். ஒரே திறப்பு எல்லாக் கதவுக்கும் இருந்தால், அது தொலைந்த அன்று வீடே காலி.

எவ்வளவு நல்ல கடவுச்சொல் வைத்தாலும், போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை வாசித்துக் காட்டினால் பயனில்லை. 'தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, சொல்லுங்கள்' என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்பார்கள். சொன்னால் நமது வட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு நமது பெயரில் உறவினர்களிடம் காசு கேட்பார்கள். வட்ஸ்அப் அமைப்பில் இரு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதில் நாமே ஒரு ஆறு இலக்கத்தைப் போட்டு வைத்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபடும். எந்த வங்கியும் போனில் இரகசிய இலக்கம் கேட்காது. கேட்பவன் திருடன்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்துங்கள். பேஸ்புக், வட்ஸ்அப் பிரச்சினைக்கு 101க்கு அழைத்தால் இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணியிடம் முறையிடலாம்.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. வங்கிச் செய்திகள் தமிழில் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். ஒவ்வொரு மாதர் குழுக் கூட்டத்திலும் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும். படித்த பிள்ளைகள் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆனால் இலக்கத்தைப் போடும்போது பிள்ளையும் மறுபக்கம் திரும்பி நிற்கட்டும். பெண்ணின் பெயரில் உள்ள அட்டை பெண்ணின் கையில் இருக்க வேண்டும்.

உழைத்தது நாம். திறப்பும் நம்மிடமே இருக்கட்டும்.